கம்பார், சிலிம் ரிவர் போர்க்களங்களைக் காணச் செல்வோருக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சிலிம் ரிவர், துரோலாக், சுங்காய் வட்டாரத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இரண்டாம் உலகப்போர் என்பது பெரும்பாலும் வீட்டுப் பெரியவர்கள் சொன்ன ஜப்பான் காலத்துக் கதைதான். அந்தப் போரின் இரண்டு முக்கியமான களங்கள் நம் வீட்டு வாசலிலிருந்து எளிதில் போய்வரக்கூடிய தொலைவில் இருப்பது பலருக்குத் தெரிவதில்லை. பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துச் செல்ல விரும்பும் பெற்றோரும், வெளியூரிலிருந்து வரும் உறவினர்களும் எங்கள் ஊரில் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன்.

போர்க்களம் என்று எந்த இடத்தைச் சொல்கிறார்கள்?

பேராக் மாநிலத்தின் கம்பார் பட்டணத்தையொட்டி, புஜாங் மலாக்கா மலையின் மேற்குச் சரிவிலிருந்து பழைய கூட்டரசுச் சாலையை நோக்கி இறங்கி வரும் தாழ்வான மேடுகள் உள்ளன. போர்க்கால வரைபடங்களில் அவை தாம்சன் ரிட்ஜ், கிரீன் ரிட்ஜ், செமட்ரி ரிட்ஜ் என்று குறிக்கப்பட்டன. 1941 டிசம்பர் 30 முதல் 1942 ஜனவரி 2 வரை நடந்த கம்பார் போரின் கடுமையான சண்டை இந்த மேடுகளில்தான் நடந்தது. அவற்றுள் கிரீன் ரிட்ஜ் பகுதியில் அன்றைய பதுங்குகுழிகள் இன்றும் இருக்கின்றன. பார்வையாளர்கள் போவதும் அங்கேதான். சிலிம் ரிவர் போர் அதற்குச் சில நாள் கழித்து, ஜனவரி 7ஆம் தேதி, நம் தோட்டங்களின் ஊடே செல்லும் சாலையிலேயே நடந்தது.

கம்பாரில் என்ன நடந்தது? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

முற்றிலும் சுருக்கிவிட்டால் அந்த மேட்டில் நிற்பதற்குப் பொருளில்லாமல் போய்விடும் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

ஜப்பானியப் படை 1941 டிசம்பர் 8ஆம் தேதி கோத்தா பாருவில் கரையிறங்கியது. தாய்லாந்தின் தென்கரையில் இறங்கிய பிரிவுகள் கெடா வழியாகத் தெற்கே வந்தன. ஜித்ராவில் தோற்ற பிரிட்டிஷ் இந்தியப் படையின் 11ஆவது டிவிஷன், ஒவ்வோர் ஆறாகவும் ஒவ்வோர் ஊராகவும் விட்டுக்கொடுத்துக்கொண்டே பேராக்கிற்குள் பின்வாங்கியது. ஆள்சேதம் மிகுதியாக இருந்ததால் தனித்தனிப் பட்டாளங்கள் ஒன்றாக இணைக்கப்பட்டன. லீஸ்டர்ஷயர் பட்டாளத்திலும் கிழக்கு சர்ரே பட்டாளத்திலும் எஞ்சியவர்களைச் சேர்த்து பிரிட்டிஷ் பட்டாலியன் என்ற புதிய அணி உருவானது. அதே போல ஜாட் வீரர்களும் பஞ்சாப் வீரர்களும் கொண்ட இன்னோர் இணைப்புப் பட்டாளமும் உருவானது. களைத்து, தோற்று, ஒருவரையொருவர் சரியாக அறியாத நிலையில் வந்து சேர்ந்த இவர்கள்தான் கம்பார் மேடுகளில் மண்ணைத் தோண்டிக் காத்திருந்தார்கள்.

இடம் நன்றாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தது. 4,000 அடிக்கு மேல் உயர்ந்த மலை முதுகுப்புறத்தைக் காத்தது. முன்னால் ஈயச் சுரங்கங்களால் மரம் மட்டையின்றி வெட்டவெளியாகிப்போன நிலம் கிடந்தது. வடக்கிலிருந்தோ மேற்கிலிருந்தோ யார் நகர்ந்து வந்தாலும் மேட்டிலிருந்து தெரியும்; பீரங்கிகளுக்கு இலக்கைச் சொல்வதும் எளிது. மலையின் கிழக்குப்புறமாகச் சுற்றி வரும் சாஹும் சாலையைக் கூர்க்காப் படையினர் காத்தனர்.

1942 புத்தாண்டு நாளன்று காலையில் ஜப்பானியரின் 5ஆவது டிவிஷனைச் சேர்ந்த 41ஆவது ரெஜிமெண்ட் முழுமூச்சாகத் தாக்கியது. மேடுகள் கைமாறின, திரும்பவும் மீட்கப்பட்டன. ஜனவரி 2ஆம் தேதி, இழந்த பதுங்குகுழிகளை மீட்க, 8ஆவது பஞ்சாப் ரெஜிமெண்டின் முதலாவது பட்டாளத்துச் சீக்கியக் கம்பெனி துப்பாக்கி முனைக் கத்தியோடு சரிவில் ஏறிப் பாய்ந்தது. அதற்குத் தலைமை தாங்கிய கேப்டன் ஜான் கிரஹாமின் கால்கள் மோர்ட்டார் குண்டில் சிதைந்தன. அந்த நிலையிலும் அவர் தம் ஆட்களை உரக்கக் கூவி ஊக்கினார், மறுநாள் இறந்தார். லெப்டினன்ட் டக்ளஸ் லேம்ப் அந்தப் பாய்ச்சலிலேயே உயிரிழந்தார். பெயர் பரவலாகப் பேசப்படாத சீக்கிய வீரர்கள் பலரும் அதே சரிவில் விழுந்தார்கள். அந்த இடத்தில் நின்று அதிகாரிகள் இருவரின் பெயரை மட்டும் சொல்லிவிட்டு நகர்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

அவ்வளவு உறுதியாக நின்றவர்கள் ஏன் பின்வாங்கினார்கள்?

மேட்டில் தோற்றதால் அல்ல. ஜப்பானியர் கடல் வழியாகவும் படகுகளில் வந்து தெலுக் இந்தான், ஊத்தான் மெலிந்தாங் பக்கம் கரையிறங்கினார்கள். அன்று தெலுக் ஆன்சன் என்று அழைக்கப்பட்ட அந்த ஊரிலிருந்து பீடோர் நோக்கி வந்து பிரதான சாலையை மறித்துவிட்டால் கம்பாரில் இருந்த அனைவரும் பொறியில் சிக்கியிருப்பார்கள். ஆகவே ஜனவரி 2ஆம் தேதி இரவு மேடுகள் கைவிடப்பட்டன.

மேட்டில் ஏறினால் பார்க்க என்ன இருக்கிறது? வெறும் காடுதானே?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பெரிய கோட்டையையோ பீரங்கி வரிசையையோ எதிர்பார்த்துப் போய் ஏமாந்து திரும்பியவர்களாக இருப்பார்கள். அப்படிப்பட்ட காட்சி அங்கே இல்லை. மரநிழலில், சருகு மூடிய தரையில், நீளவாக்கிலும் வளைந்தும் ஓடும் பள்ளங்கள் இருக்கின்றன. மழை பல ஆண்டுகள் கரைத்ததால் பல குழிகளின் விளிம்பு மழுங்கிப்போயிருக்கும். முதல் பார்வைக்குச் சாதாரண வாய்க்கால் போலத் தோன்றும்.

ஆனால் பள்ளத்தின் ஓரத்தில் நின்று அது எந்தத் திசையை நோக்கி வெட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். மண் எந்தப் பக்கம் குவிந்திருக்கிறதோ அந்தப் பக்கத்திலிருந்துதான் எதிரியை எதிர்பார்த்தார்கள். நேர்க்கோடாக வெட்டாமல் கோணலாக வெட்டியதற்கும் காரணம் உண்டு: ஒரு குண்டு உள்ளே விழுந்தால் அதன் சிதறல் குழி நெடுகப் பாயாமல் அந்த முனையோடு நின்றுவிட வேண்டும். அடுத்து, குந்தி அமர்ந்து, உங்கள் கண் மட்டத்திலிருந்து சரிவைப் பாருங்கள். நின்றால் தெரியும் இடமெல்லாம் குந்தினால் தெரியாது. கீழே சில பத்தடித் தூரத்தில் ஒரு வளைவுக்குப் பின்னால் ஆள் வந்துவிட்டாலும் மேலே இருப்பவருக்குத் தெரியாத மறைவுகள் உண்டு. இதைப் புரிந்துகொண்ட பிறகு, இவ்வளவு நல்ல இடத்திலும் சண்டை கைகலப்பு வரைக்கும் ஏன் வந்தது என்பதைத் தனியாக விளக்க வேண்டியிராது.

இன்று மரங்கள் வளர்ந்து பார்வையை மறைப்பதால் அன்றைய வெட்டவெளியை மனத்தில் கற்பனை செய்துகொள்ள வேண்டும். அதற்கு ஒரு நல்ல வழி, முதலில் கம்பாரிலுள்ள கிந்தா ஈயச் சுரங்க அருங்காட்சியகத்துக்குப் போய், மண்ணை நீரால் பீய்ச்சிக் கரைத்து ஈயம் எடுத்த முறையையும் அது நிலத்தை எப்படி மொட்டையாக்கியது என்பதையும் பார்த்துவிட்டு மேட்டுக்கு வருவது.

இந்த மேடு இன்று இருப்பதற்கு கம்பாரைச் சேர்ந்த ஆசிரியரும் உள்ளூர் வரலாற்றாளருமான சாய் கூய் லூங் பெரிதும் காரணம். பிரிட்டிஷ் பட்டாலியனின் வரலாற்றைத் தேடி எழுதிய அவர், போரிட்ட வீரர்களோடு தொடர்புகொண்டு விவரம் சேர்த்து, இந்த இடம் வீட்டுமனையாகிவிடாமல் காக்கப்பட வேண்டும் என்று நெடுங்காலம் குரல் கொடுத்தார். ஒரு பள்ளி ஆசிரியரின் விடாமுயற்சிக்கு இத்தனை மதிப்பு உண்டு என்பதை நம் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களும் பிள்ளைகளிடம் எடுத்துச் சொல்ல வேண்டும்.

நம்மவர்கள் அங்கே போரிட்டார்களா?

கம்பாரிலும் சிலிம் ரிவரிலும் நின்ற இந்தியப் பட்டாளங்களின் வீரர்கள் பெரும்பாலும் பஞ்சாப் முதலான வட இந்தியப் பகுதிகளைச் சேர்ந்த சீக்கியர்களும் முஸ்லிம்களும் இந்துக்களும் ஆவர்; கூர்க்காக்கள் நேபாளத்தவர். ஐதராபாத் என்ற பெயர் தாங்கிய பட்டாளத்திலும்கூட வடநாட்டவரே மிகுதி. தோட்டத் தமிழர்கள் அந்த வரிசையில் நிற்கவில்லை. சண்டை நடந்த மரங்களுக்கு நடுவே குடியிருந்தார்கள்.

தமிழர்களுக்குப் போரின் கொடுமை பின்னால் வந்து சேர்ந்தது. ரப்பருக்கு விலை இல்லாமல் போயிற்று, அரிசி வரத்து நின்று மரவள்ளிக் கிழங்கே சாப்பாடாயிற்று. அதற்கும் மேலாக, தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் நீளத்துக்குப் போடப்பட்ட சயாம் மரண ரயில் பாதைக்காகத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கானோர் கொண்டு செல்லப்பட்டார்கள், பலர் திரும்பவில்லை. கம்பார் மேட்டில் நிற்கும்போது இந்தத் தொடர்ச்சியும் நினைவில் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. இந்தச் சாலை பறிபோனதன் விலையை லயத்து வீடுகளில் இருந்தவர்கள் அடுத்த மூன்றரை ஆண்டுகளும் கொடுத்தார்கள்.

சிலிம் ரிவர் போரைப் பற்றி ஏன் யாரும் பேசுவதில்லை? அங்கே பார்க்க ஏதேனும் உண்டா?

கம்பாரில் பெருமைப்பட ஏதோ இருந்தது. சிலிம் ரிவரில் நடந்தது முழுத் தோல்வி. அதனால் பேச்சும் குறைவு. ஆனால் தோட்டப்புறத்து மக்களாகிய நாம் கூர்ந்து பார்க்க வேண்டிய களம் இதுதான் என்று உறுதியாகச் சொல்வேன், ஏனென்றால் இங்கே நிலத்தின் அமைப்பே தோட்டத்தால் உருவானது.

ஜனவரி 7ஆம் தேதி விடியலுக்கு முன், மேஜர் ஷிமாடாவின் தலைமையில் சுமார் 30 டாங்கிகள் காலாட்படையோடு துரோலாக்கின் வடக்கே கூட்டரசுச் சாலையில் முன்னேறின. இருபுறமும் அடர்ந்த காடு, அதை அடுத்து நிரை நிரையாக ரப்பர் மரங்கள். சாலையை விட்டு விலகிப் போக வழியில்லாத இடம் என்பதால், சாலையில் தடை வைத்தால் போதும் என்று காவல் படை நினைத்தது. முன்பு வளைந்து வளைந்து சென்ற சாலையை நேராக்கியபோது, கைவிடப்பட்ட பழைய வளைவுகள் ரப்பர் மரங்களுக்கிடையே அப்படியே கிடந்தன. டாங்கிகள் அந்தப் பழைய வளைவுகளுக்குள் புகுந்து, தடைகளைச் சுற்றிக் கடந்து, காவல் நிலைகளின் பின்னால் வந்து ஏறின.

அதன் பிறகு வேகமே தாக்குதலாயிற்று. தொலைபேசித் தொடர்பு அறுந்திருந்ததால் பின்னால் இருந்தவர்களுக்கு முன்னால் நடந்தது தெரியவில்லை. குளூனி தோட்டத்துப் பக்கம் சாலையில் அணிவகுத்து நடந்துகொண்டிருந்த கூர்க்காப் பட்டாளம் ஒன்றை டாங்கிகள் முதுகுப்புறமிருந்து வந்து சிதறடித்தன. அருகே நிறுத்தப்பட்டிருந்த பீரங்கிப் படையினரும் தப்பவில்லை. லெப்டினன்ட் வத்தனாபேயின் முன்னணி டாங்கிகள் அன்று காலையிலேயே சிலிம் ஆற்றுப் பாலத்தை அடைந்து, வெடி வைத்துத் தகர்க்க ஆயத்தமாக இருந்த அதன் கம்பிகளை அறுத்துப் பாலத்தை முழுதாகக் கைப்பற்றின. பல பட்டாளங்கள் சேர்ந்த பிரிகேடுகள் இரண்டு ஏறக்குறைய அழிந்தன. நடு மலாயாவைக் காக்கும் வாய்ப்பு அந்த ஒரு காலையோடு போயிற்று. கோலாலம்பூர் நான்கே நாளில், ஜனவரி 11ஆம் தேதி, ஜப்பானியர் வசமானது.

பார்ப்பதற்குப் பதுங்குகுழிகள் எதுவும் இங்கே பாதுகாக்கப்படவில்லை. பார்க்க வேண்டியது சாலையைத்தான். துரோலாக்கிலிருந்து சிலிம் ரிவர் வரை பழைய கூட்டரசுச் சாலையில் மெதுவாக வண்டி ஓட்டிச் சென்று, சாலைக்கும் தோட்டத்துக்கும் ரயில் பாதைக்கும் இடையே இருக்கும் நெருக்கத்தைக் கவனியுங்கள். ரப்பர் இருந்த இடங்கள் பலவற்றில் இன்று செம்பனை நிற்கிறது. ஆனாலும் சாலையிலிருந்து சில வரிசை மரங்களுக்கு அப்பால் எதுவும் தெரியாத அந்த இருட்டு அப்படியே இருக்கிறது. கம்பாரின் திறந்த சரிவைப் பார்த்த கையோடு இதைப் பார்த்தால்தான், ஓரிடத்தில் நான்கு நாள் நின்றதும் மற்றோரிடத்தில் சில மணி நேரத்தில் எல்லாம் முடிந்ததும் ஏன் என்பது விளங்கும்.

தோட்டத்துக்குள் போய்ப் பார்க்கலாமா?

அனுமதியில்லாமல் போகக் கூடாது. அவை இன்றும் இயங்கும் தோட்டங்கள். அலுவலகத்தில் கிராணியிடமோ காவலரிடமோ காரணத்தைச் சொல்லிக் கேளுங்கள். மறுத்தால் சாலையிலிருந்தே பார்த்துவிட்டுத் திரும்புங்கள்.

எப்படிப் போவது? எப்போது போவது நல்லது?

மின்சார ரயில் சிலிம் ரிவர், சுங்காய், தாப்பா ரோட், கம்பார் நிலையங்களில் நிற்கிறது. கம்பார் பல்கலைக்கழக ஊர் என்பதால் நிலையத்திலிருந்து வாடகை வண்டி பிடிப்பதும் சிரமமில்லை. சொந்த வண்டியில் போகிறவர்கள் விரைவுச்சாலையைத் தவிர்த்து, பீடோர், தாப்பா வழியாகப் பழைய சாலையிலேயே போவதைத்தான் நான் பரிந்துரைப்பேன். படைகள் பின்வாங்கிய வழி அதுதான். ஊருக்கு ஊர் எவ்வளவு தொலைவு, எங்கே ஆறு குறுக்கிடுகிறது என்பதெல்லாம் அப்போதுதான் மனத்தில் பதியும்.

பேராக்கில் பிற்பகலில் இடிமழை பெய்வது வழக்கம் என்பதால், காலையில் பசியாறிவிட்டு வெயில் ஏறுமுன் மேட்டில் இருந்துவிடுங்கள். அக்டோபர், நவம்பர் மாதங்களில் மழை கூடுதல், சரிவு வழுக்கும்.

என்ன அணிந்து செல்வது? முதியவர்களால் ஏற முடியுமா?

முழுக்கால் சட்டை, பிடிப்புள்ள காலணி, கொசு மருந்து, தண்ணீர் ஆகியவை போதும். ஜப்பான் சிலிப்பர் வேண்டாம். உயரம் அதிகமில்லை, ஆனால் தரை சீராக இல்லாததால் முட்டிவலி உள்ளவர்களைக் கீழேயே அமரவைத்துவிடுவது நல்லது.

பழைய தோட்டாவோ இரும்புத் துண்டோ கண்ணில் பட்டால் எடுத்து வரலாமா?

கூடாது. முதற்காரணம் உயிர். வெடிக்காத குண்டு துருப்பிடித்த கட்டி போலத்தான் தோன்றும், எண்பது ஆண்டு மண்ணில் கிடந்தாலும் அதன் உள்ளிருக்கும் வெடிமருந்து செயலிழந்திருக்கும் என்று நம்ப முடியாது. தொடாமல், உதைக்காமல், பிள்ளைகளை விலக்கிவிட்டு, இடத்தை நினைவில் வைத்துக்கொண்டு 999 எண்ணில் காவல்துறைக்குச் சொல்லுங்கள். இரண்டாவது, மலேசியாவின் 2005ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டம் இத்தகைய பழம்பொருள்களைக் கண்டெடுப்பவர் அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. மூன்றாவது காரணம் எனக்கு மிக முக்கியமானது: எந்தக் குழியில் எந்தத் தோட்டா கிடந்தது என்பதே ஒரு சான்று. அதை எடுத்து வந்து வரவேற்பறை அலமாரியில் வைத்துவிட்டால் அது வெறும் இரும்பாகிவிடுகிறது. பள்ளங்களின் விளிம்பில் ஏறி நின்று படம் எடுப்பதும் இதே காரணத்தால் வேண்டாம். ஒவ்வொரு மிதியிலும் விளிம்பு சரிகிறது.

இறந்தவர்களுக்காகச் சூடம் ஏற்றித் தேங்காய் உடைக்கலாமா?

நல்லெண்ணத்தோடு கேட்கப்படும் கேள்வி இது. துர்மரணம் நடந்த இடத்தில் ஏதாவது செய்யாமல் திரும்பினால் மனம் ஒப்பாது என்பது நம் பெரியவர்களின் உணர்வு. அதை நான் மதிக்கிறேன். ஆயினும் சருகு மூடிய காட்டில் தீ ஏற்றுவது ஆபத்து. அங்கே இறந்தவர்கள் சீக்கியர்கள், முஸ்லிம்கள், இந்துக்கள், கிறிஸ்தவர்கள், ஜப்பானியர்கள் எனப் பல வழிபாட்டினர். சிறிது நேரம் பேசாமல் நிற்பது எல்லாருக்கும் பொதுவானது. சடங்கு செய்தே ஆகவேண்டும் என்றால் வீட்டிலோ ஊர்க் கோயிலிலோ செய்துகொள்ளலாம்.

பிள்ளைகளிடம் இதை எப்படிச் சொல்வது?

ஒரு பக்கத்தாரை வீரர்களாகவும் மறுபக்கத்தாரை அரக்கர்களாகவும் ஆக்கிச் சொல்லாதீர்கள். வெள்ளைக்காரன் தோற்றான் என்று மகிழ்ந்தும் சொல்லாதீர்கள். ஜித்ராவில் சிறைப்பட்ட கேப்டன் மோகன் சிங் இந்திய தேசிய இராணுவத்தைத் தொடங்கியதும், நேதாஜி 1943இல் சிங்கப்பூர் வந்த பின் தோட்டத்து இளம்பெண்களும் அந்த இராணுவத்தின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையில் சேர்ந்ததும், அதே ஆண்டில் தோட்டத்து ஆண்கள் சயாமில் மாண்டதும் ஒரே வரலாற்றின் பகுதிகள். பத்து வயதுப் பிள்ளைக்கு இவை அனைத்தும் தேவையில்லை. ஒரு குழியைக் காட்டி, "நீ இங்கே இருந்தால் யார் வருவதை எங்கே பார்ப்பாய்?" என்று கேட்டுவிட்டு, பிள்ளையே தேடிப் பார்க்க விடுங்கள். பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களிடம், வேறொரு நாட்டின் பேரரசுக்காக ஒரு பஞ்சாப் விவசாயியின் மகன் ஏன் கம்பாரில் வந்து உயிர்விட்டான் என்று கேளுங்கள். விடையை நீங்களே முந்திக்கொண்டு சொல்ல வேண்டாம்.

இறந்தவர்களின் கல்லறைகள் எங்கே உள்ளன?

தைப்பிங் போர்க் கல்லறைத் தோட்டத்தில் 850க்கும் மேற்பட்டோர் அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். அவர்களில் பெரும்பாலோர் யாரென்று அடையாளம் காணப்படாதவர்கள். புக்கிட் லாரூட் செல்லும் சாலையின் ஒருபுறம் கிறிஸ்தவர்களின் கல்லறைகளும் மறுபுறம் மற்ற சமயத்தவர்களின் கல்லறைகளும் இருக்கின்றன. உடல் கிடைக்காதவர்களின் பெயர்கள் சிங்கப்பூரின் கிராஞ்சி நினைவுச் சின்னத்தில் உள்ளன. அங்கே பொறிக்கப்பட்ட 24,000க்கும் மேற்பட்ட பெயர்களில் இந்தியப் பட்டாளங்களின் பெயர்கள் சுவர் சுவராக நீள்கின்றன.

கம்பாரையும் தைப்பிங்கையும் ஒரே நாளில் முடிக்க முயல்வதைவிட, முதல் நாள் சிலிம் ரிவர் சாலையும் கம்பார் மேடும், ஈப்போவில் இரவு தங்கல், மறுநாள் காலை தைப்பிங் என்று வைத்துக்கொள்ளுங்கள். தைப்பிங் நாட்டிலேயே அதிக மழை பெய்யும் ஊர்களில் ஒன்று. குடையை மறக்க வேண்டாம்.